வலந்தலை எந்தப் பக்கம்?

எந்தக் கர்நாடக இசைக் கச்சேரி மேடையை வேண்டுமானாலும் பாருங்கள். பாடகர் நடுவில் இருப்பார். அவருக்கு இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் மிருதங்கம். சபா மாறும், பாடகர் மாறுவார், பின்னால் தொங்கும் விளம்பரத் துணி மாறும். இந்த வரிசை மட்டும் அநேகமாக மாறுவதில்லை. சம்பிரதாயம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இந்தச் சம்பிரதாயத்துக்குள் நல்ல இயற்பியல் இருக்கிறது.

மிருதங்கத்துக்கு இரண்டு முகம். வலக்கை வாசிப்பது வலந்தலை. நடுவில் கறுப்பாகக் கரணை பூசி, சுருதி சேர்த்து வைத்திருப்பார்கள், கணீரென்று பேசும். இடக்கை வாசிப்பது தொப்பி. அதன் நடுவில் ரவைப் பசையை அப்பியிருப்பார்கள். கும்மென்று கனமாக ஒலிக்கும். வித்வான் பாடகருக்கு வலப்பக்கத்தில், அவரைப் பார்த்தபடி உட்கார்ந்தால் வலந்தலை சபையைப் பார்க்கும். தொப்பி மேடையின் பின்சுவரைப் பார்க்கும். வயலின் இருக்கும் பக்கத்துக்கு அவர் மாறினால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

அதனால் என்ன? வினாடிக்கு 100 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர். குறுக்கே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் அந்த அலைக்கு அவர் பொருட்டே அல்ல. வளைந்து சுற்றிக்கொண்டு வந்துவிடும். வினாடிக்கு 3,000 முறை அதிரும் ஒலியின் அலைநீளமோ ஒரு சாணுக்கும் குறைவு, சுமார் 11 சென்டிமீட்டர். அதற்கு மனித உடம்பே சுவர். ஆகவே தொப்பி எந்தத் திசையில் திரும்பியிருந்தாலும் அதன் கும்கி கடைசி வரிசைவரை வந்து சேரும். வலந்தலையில் விழும் சாப்பு, மீட்டு ஆகிய அடிகள் கூர்மையோடு கேட்க வேண்டுமானால் அந்த முகம் நம்மைப் பார்த்தாக வேண்டும். மைக் வருவதற்கு முந்தைய மேடையில் இது சின்ன விஷயமே அல்ல.

பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கை வழக்கம் உள்ளவர். வலந்தலையை இடக்கையால் வாசித்தார். அவருடைய வலந்தலை சபையைப் பார்க்க வேண்டுமானால் அவர் பாடகருக்கு இடப்பக்கம் உட்கார வேண்டும்; வயலின்காரர் எழுந்து அந்தப் பக்கம் போக வேண்டும். அந்த இடமாற்றத்துக்கு எல்லாரும் எளிதில் இசையவில்லை. மிருதங்க உலகின் மாமேதைகளில் ஒருவருக்கு, ஒலி எந்தத் திசையில் பரவுகிறது என்ற கேள்வி வாழ்க்கைப் பிரச்சினையாகவே இருந்திருக்கிறது.

இப்போது ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு மைக் வைக்கிறார்கள். வலந்தலை எந்தப் பக்கம் இருந்தாலும் ஒலிபெருக்கி அதை எல்லாருக்கும் ஒரே அளவில் பகிர்ந்துவிடும். பிறகு இந்த வரிசை எதற்கு? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. நமக்குப் பிடித்த பாடகரின் பைரவி கைப்பேசியிலேயே இருக்கிறது. துல்லியமாகப் பதிவானது, இருமல் இல்லாதது, வேண்டுமிடத்தில் நிறுத்திக் கேட்கலாம். அப்படியிருக்க, மார்கழியில் மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் வேர்க்க விறுவிறுக்கப் போய், டிக்கெட் வாங்கி, மூன்று மணி நேரம் ஏன் உட்காருகிறோம்? நேரில் பார்த்த பூரிப்பு, பக்தி, கூட்ட மனப்பான்மை என்றெல்லாம் இதற்குப் பதில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தப் பதில்கள் போதவில்லை. கச்சேரியில் கேட்கும் ஒலியே வேறு. அதை உண்டாக்குவதில் கேட்பவர்களுக்கும் நேரடிப் பங்கு உண்டு. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

பாலக்காடு மணி ஐயர் தம் பிற்காலத்தில் மைக் வைத்த மேடையில் வாசிக்க மறுத்தார். 1966இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றவர். அந்த விருது பெற்ற முதல் மிருதங்க வித்வான் அவர்தான். அப்படிப்பட்டவர் ஒலிபெருக்கி வேண்டாம் என்றதைப் பலர் பிடிவாதமாகப் பார்த்தார்கள். அவருடைய காதில் என்ன விழுந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் அது பிடிவாதமாகத் தெரியவில்லை.

மிருதங்கம் சாதாரணத் தோல் வாத்தியம் அல்ல. வெறும் தோலை வட்டமாக இழுத்துக் கட்டித் தட்டினால் பல அதிர்வெண்கள் ஒன்றாகப் பிறக்கும். அடிப்படை அதிர்வை 1 என்று கொண்டால் அடுத்தவை 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கற்ற விகிதத்தில் போகும். ஒன்றோடு ஒன்று ஒட்டாத இந்த அதிர்வுகள் சேர்ந்தால் இரைச்சல்தான் வரும், சுரம் வராது. உலகின் பெரும்பாலான முரசுகள் தாளத்துக்கு உதவினாலும் சுருதியில் நிற்காமல் போவது இதனால்தான். தந்தியில் பிறக்கும் அதிர்வுகளோ 1, 2, 3, 4 என்று முழு எண் விகிதத்தில் வரும். காது அவற்றை ஒரே சுரமாகச் சேர்த்துக்கொள்ளும். நம் மிருதங்கமும் தபலாவும் தந்தியைப் போல நடந்துகொள்கின்றன என்பதை 1920இல் சி. வி. ராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார். 1934இல் இன்னும் விரிவாக ஆராய்ந்தார். தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவி, எந்த இடம் அதிர்கிறது, எந்த இடம் அசையாமல் நிற்கிறது என்று படம் பிடித்தார். கரணையின் பாரம் நடுவில் கனத்தும் ஓரத்துக்கு வரவர மெலிந்தும் இருப்பதால் தோலின் ஒன்பது அதிர்வு முறைகள் ஒன்றோடொன்று இணைந்து, ஐந்து இசைவான அதிர்வெண்களாகத் திரள்கின்றன என்று காட்டினார். எந்தக் கருவியும் கையில் இல்லாமல், கிட்டம் என்னும் கல்லைப் பொடியாக்கிச் சோற்றோடு பிசைந்து, காதால் மட்டும் சோதித்து அடுக்கடுக்காகப் பூசிய கைவினைஞர்கள் இதைச் சாதித்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெயர் தெரியாதவர்கள் மேல்தான் மரியாதை கூடுகிறது.

இந்த ஐந்து அதிர்வெண்களும் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி பரவுவதில்லை. வாத்தியத்துக்கு எதிரில் ஒரு கலவை, பக்கவாட்டில் இன்னொரு கலவை, மேலே வேறொன்று. அரங்கில் அவை எல்லாம் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வந்து காதில் ஒன்றுசேரும்போது கேட்பதுதான் முழு மிருதங்கம். தோலுக்குச் சில அங்குலம் தள்ளி நிற்கும் மைக் அந்தக் கலவைகளில் ஒன்றை மட்டுமே அள்ளுகிறது. அதையே பத்து மடங்கு பெருக்கினாலும் விடுபட்ட திசைகள் திரும்பக் கிடைக்கப்போவதில்லை.

இன்னொன்றும் தொலைந்துபோகிறது. இடப்பக்கமிருந்து வரும் ஒலி வலக்காதுக்குச் சற்றுத் தாமதமாகப் போய்ச் சேரும். அந்தத் தாமதம் அதிகபட்சம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் முக்கால் பங்குகூட இருக்காது. அதிலும் லட்சத்தில் ஒரு பங்கு வினாடி வித்தியாசத்தைக்கூட மூளை கண்டுபிடித்து, ஒலி வந்த திசையைச் சொல்லிவிடும். கண்ணை மூடிக்கொண்டாலும் இங்கே வயலின், அங்கே மிருதங்கம், நடுவில் குரல் என்று தனித்தனியாக வைத்துக் கேட்க முடிவது இந்தத் திறமையால்தான். எல்லா மைக்குகளையும் ஒன்றாகக் கலந்து இரண்டு பெரிய பெட்டிகள் வழியே அனுப்பும்போது மூவரும் ஒரே இடத்திலிருந்து வாசிப்பதாகக் காதுக்குப் படுகிறது. ஒருவர் ஒலியை இன்னொருவர் ஒலி மறைக்கத் தொடங்குகிறது. உடனே சபையிலிருந்து வயலின் கேட்கவில்லை என்று குரல் வரும். ஒலியமைப்பாளர் வயலினை ஏற்றுவார். பிறகு பாடகர் தம் குரலை ஏற்றச் சொல்வார். மணி ஐயர் மறுத்தது இந்தப் போட்டியைத்தான் என்று நினைக்கிறேன்.

மைக்கைத் திட்டித் தீர்ப்பது என் நோக்கம் அல்ல. கல்யாணப் பந்தலிலும் கோயில் மண்டபத்திலும் ஜமீன் மாளிகையிலும் நடந்த கச்சேரி 20ஆம் நூற்றாண்டில் டிக்கெட் வைத்த பெரிய அரங்குகளுக்கு இடம்பெயர்ந்தது. மனிதக் குரலின் ஆற்றல் மிகச் சிறியது. சாதாரணப் பேச்சில் வெளிப்படும் ஒலி ஆற்றல் ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். தூரம் இரட்டிப்பானால் நேராக வரும் ஒலியின் செறிவு கால்பங்காகிவிடும். ஆயிரம் பேருக்குப் பாட வேண்டுமென்றால் தொண்டையை உரக்க எழுப்பியே ஆகவேண்டும். மெல்லிய கமகமும் நுணுக்கமான பிருகாவும் அதில் அடிபட்டுப் போகும். தாழ்ந்த சுருதியில், அடங்கிய குரலில் பாடும் பாணிகளுக்கு மைக்தான் மேடை கொடுத்தது. கடன்பட்டிருக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது.

இனி அரங்குக்கு வருவோம். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் புதிதாகக் கட்டிய ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரைக் கூடத்தில் ஒரு வார்த்தை கூடப் புரியவில்லை. பேசிய சொல் ஐந்தரை வினாடிவரை சுற்றிச் சுற்றி எதிரொலித்தது. அதற்குள் அடுத்த பத்துச் சொற்கள் வந்து அதன் மேல் விழுந்தன. இதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. ஊர் அடங்கியபின் இரவில், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து கூடத்தில் பரப்பி, ஆர்கன் குழாய் ஒன்றை ஊதி, ஒலி மறைய எடுக்கும் நேரத்தை அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய்ப் போட வேண்டும். எத்தனை மெத்தைக்கு எவ்வளவு நேரம் குறைகிறது என்ற இந்தக் கணக்கிலிருந்துதான் அரங்க ஒலியியல் என்ற துறையே பிறந்தது. அரங்கின் கொள்ளளவு கூடினால் ஒலி நீடிக்கும். ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் சீக்கிரம் அடங்கும். அவர் ஆலோசனைப்படி கட்டி 1900இல் திறந்த பாஸ்டன் சிம்ஃபனி ஹால் இன்றும் உலகின் தலைசிறந்த அரங்குகளில் ஒன்று.

சபினின் கண்டுபிடிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. கூடத்துக்குள் நிற்கும் ஆளும் ஒலியை உறிஞ்சுகிறார் என்று அவர் கண்டார். ஓர் ஆள் ஏறக்குறைய ஆறு மெத்தைக்குச் சமம். தாம் உடுத்தியிருக்கும் துணி மாறினால்கூட அளவு மாறுவதைப் பார்த்துவிட்டு, பிறகு சோதனைக்கு எப்போதும் ஒரே உடையில் வந்தார். காலியான அரங்கில் ஒத்திகை பார்க்கும்போது கேட்ட ஒலி மாலையில் கூட்டம் நிரம்பியபின் இருக்காது. நாம் உள்ளே போய் உட்கார்ந்த கணத்திலேயே, கையசைக்காமல் வாயசைக்காமல், பாடகரின் ஒலியை மாற்றிவிட்டோம். 

எவ்வளவு நேரம் நீடித்தால் நல்லது என்பது என்ன சங்கீதம் என்பதைப் பொறுத்தது. மேற்கத்திய சிம்ஃபனிக்கு ஏறக்குறைய இரண்டு வினாடி இதம். மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தின் கடைசிக் கோர்வையில் வினாடிக்கு எட்டுத் தாளச் சொல் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வினாடி நீடிக்கும் அரங்கில் பதினாறு சொற்களின் சாயல்கள் ஒன்றின் மேல் ஒன்று படியும்; கணக்கு காதில் குழம்பிவிடும். நம் சங்கீதத்துக்கு அதைவிட வறண்ட அரங்கு வேண்டும். ஆனால் முற்றிலும் வறண்டால் ஆலாபனை உயிரற்றுப் போகும். பக்கச்சுவர்களில் பட்டு இரண்டு காதுக்கும் வெவ்வேறாக வந்து சேரும் ஒலிதான், ராகம் நம்மைச் சூழ்ந்திருக்கிறது என்ற உணர்வைத் தருகிறது. அகலம் குறைந்து நீண்டு உயர்ந்த பழைய அரங்குகள் புகழ்பெற்றிருப்பதற்கு இந்தப் பக்கச்சுவர்கள் முக்கியக் காரணம். நம் ஊரில் புது அரங்கு கட்டுவோர் குளிர்பதனத்துக்கும் சோபாவுக்கும் செலவழிப்பதில் ஒரு பங்கை இந்தச் சுவர்களுக்குச் செலவழித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

திறந்த மைதானத்தில் நடக்கும் திரையிசைக் கச்சேரிக்குச் சுவரே கிடையாது. அங்கே சிக்கல் தூரம். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்குக் கிட்டத்தட்ட 0.3 வினாடி தாமதம். அதனால் மைதானத்தின் நடுவே கோபுரங்களில் ஒலிபெருக்கி கட்டி, மேடை ஒலி அங்கே வந்து சேரும் நேரம்வரை அவற்றைத் தாமதப்படுத்துகிறார்கள். அதற்கும் மேல் கொஞ்சம் கூடுதலாகத் தாமதப்படுத்துவதில்தான் சூட்சுமம். ஒரே ஒலி சற்று இடைவெளியில் இரு திசையிலிருந்து வந்தால், முதலில் வந்த திசையிலிருந்தே எல்லாம் வருவதாகக் காது எடுத்துக்கொள்ளும் என்று ஹெல்முட் ஹாஸ் 1949இல் காட்டினார். பக்கத்துக் கோபுரம் உரக்க ஒலித்தாலும் பாட்டு மேடையிலிருந்து வருவதாகவே தோன்றும். இத்தகைய இடங்களில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரையறுத்தது. குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் ஒலிபெருக்கிக்கு நேர் முன்னால் நிற்க வேண்டாம்.

அடுத்து, கேட்பவரின் உடம்பு. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் அரங்கும் ஆய்வுக்கூடமும் ஒன்றாகச் சேர்ந்த இடம் ஒன்று இருக்கிறது. அங்கே ராக் பாடகர் ஒருவர் அதுவரை வெளியிடாத தம் பாட்டுகளைப் பாடினார். இன்னொரு குழுவுக்கு அதே பாட்டுகளின் ஒலிப்பதிவை அதே அரங்கில் போட்டார்கள். கேட்டவர்களின் தலையசைவைக் கேமராக்கள் அளந்தன. 2019இல் வெளியான முடிவு இது: நேரில் கேட்டவர்களின் தலை வேகமாக அசைந்தது. அந்தப் பாடகரின் ரசிகர்களோ மற்றவர்களைவிடத் தாளத்தோடு நெருங்கி அசைந்தார்கள். பாட்டு எல்லாருக்கும் புதிது. ஆளைத் தெரிந்திருந்ததுதான் வித்தியாசம். பெர்லினில் பீத்தோவன், பிராம்ஸ் முதலியோரின் தந்தி ஐவர் இசைக் கச்சேரிகளை ஆராய்ந்தவர்கள் 2023இல் எழுதினார்கள்: அமைதியாக உட்கார்ந்து கேட்டவர்களின் இதயத் துடிப்பு வேகமும் தோலின் மின்கடத்தலும் ஒருவருக்கொருவர் ஒத்து ஏறி இறங்கின.

நம் சபாக்களில் யாரும் அசையாமல் உட்காருவதில்லை. தொடையில் தாளம் விழுந்துகொண்டே இருக்கும். இந்தத் தாளம் போடும் வழக்கம் மூளையில் என்ன செய்யும் என்று யோசித்தால் 2011இல் மான்ட்ரியலில் நடந்த ஆய்வு ஒன்று பெரிய வெளிச்சம் தருகிறது. தங்களுக்கு மயிர்க்கூச்செடுக்க வைக்கும் இசையைப் பங்கேற்பாளர்களே கொண்டுவந்தார்கள். உச்சம் வரும் கணத்தில் மூளையின் ஒரு பகுதியில் டோபமைன் சுரந்தது. அதற்குச் சில வினாடிகள் முன்பே, உச்சம் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பில், இன்னொரு பகுதியில் சுரந்தது. எதிர்பார்ப்புக்கென்றே தனி இன்பம் இருக்கிறது. கோர்வையை மூன்று முறை அடுக்கி, எடுப்பில், அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தில், கொண்டுவந்து சேர்க்கும் கலை அந்த இன்பத்தை வைத்தே கட்டப்பட்டது என்று சொல்வேன். இரண்டாம் சுற்றிலேயே எங்கே முடியும் என்று சபை கணக்குப் போட ஆரம்பித்துவிடும். மூன்றாம் சுற்று எடுப்பில் இறங்கும்போது நூறு கைகள் ஒரே இடத்தில் தொடையைத் தட்டும். ஒலிப்பதிவில் இது ஏற்கெனவே நடந்து முடிந்த கணக்கு. மேடையிலோ வித்வான் தவறவிடக் கூடும், கடைசி நொடியில் மாற்றிவிடவும் கூடும். அந்தச் சாத்தியம் இருப்பதால்தான் எதிர்பார்ப்பு கெட்டியாகிறது.

வித்வானும் சபையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சூரிக் நகரில் ஒரு பியானோ கலைஞரை வாசிக்கவிட்டு, கேட்பவரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, அவருடைய மூளையில் உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலா எவ்வளவு தூண்டப்படுகிறது என்பதை உடனுக்குடன் கலைஞருக்குக் காட்டினார்கள். அதற்கேற்ப அவர் வாசிப்பை மாற்றிக்கொண்டே போனார். அதே இசையை ஒலிப்பதிவில் கேட்டபோது கிடைத்ததைவிடத் தூண்டல் அதிகம்; நேரம் போகப் போகத் தளராமலும் நின்றது. 2024இல் வெளியான ஆய்வு இது. மேடையில் இருப்பவருக்கு ஸ்கேன் தேவையில்லை. முன்வரிசையில் ஒரு தலை ஆடுகிறது. 'ஆஹா' என்று ஒரு குரல் எழுகிறது. காந்தாரத்தை இன்னும் இரண்டு மூச்சு நீட்டலாம் என்று பாடகர் தீர்மானிக்கிறார். நிரவலும் கல்பனை சுரமும் அங்கேயே பிறப்பவை என்பதால் அந்தத் தலையாட்டலுக்கு இடம் கொடுக்கின்றன. எழுதி வைத்ததை அப்படியே வாசிக்கும் சங்கீதத்தைவிட நம்முடையதில் சபையின் பங்கு கூடுதல் என்பது என் துணிபு. பிடித்த பாடகரின் கச்சேரிக்கு அவரை நன்றாகத் தெரிந்தவர்கள் நிறையப் போவது பாட்டுக்கு நல்லது.

கைதட்டலிலும் பௌதிகம் உண்டு. ருமேனியாவிலும் ஹங்கேரியிலும் நாடக, ஆபெரா நிகழ்ச்சிகள் முடிந்ததும் எழும் கைதட்டலைப் பதிவுசெய்து 2000ஆம் ஆண்டில் ஆராய்ந்தார்கள். முதலில் எல்லாரும் தனித்தனி வேகத்தில் தட்டுகிறார்கள். பிறகு வேகத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக்கொள்ளும்போது, சொல்லிவைத்தாற்போல ஒரே லயத்துக்கு வந்துவிடுகிறார்கள். ஆனால் தட்டும் எண்ணிக்கை குறைந்ததால் மொத்தச் சத்தமும் குறைகிறது. இன்னும் பலமாகப் பாராட்ட நினைத்து வேகத்தைக் கூட்டுகிறார்கள், லயம் கலைந்துவிடுகிறது. ஒத்திசைவு, சத்தம் இரண்டையும் ஒருசேரப் பெற முடியவில்லை.

எங்கே உட்காரலாம் என்று கேட்பவர்களுக்கு: மைக் வைத்த அரங்கில் முன்வரிசை ஓரங்கள் ஒலிபெருக்கிக்கு மிக அருகில் வரும், ஒரு பக்கப் பெட்டி மட்டுமே காதில் நிறையும். பால்கனிக்கு அடியில் ஆழமாகப் போய் உட்கார்ந்தால் கூரையிலிருந்து திரும்பும் ஒலி வராது. அரங்கின் நடுப்பகுதியில், மையக் கோட்டைவிட்டுச் சற்றே இடப்பக்கம் தள்ளி உட்கார்ந்தால் பாடகரின் முகமும் மிருதங்கக்காரரின் வலக்கையும் சேர்ந்து தெரியும். மைக் இல்லாத கச்சேரிகள் இன்றும் சில சிறிய கூடங்களிலும் வீடுகளிலும் நடக்கின்றன. அங்கே போனால் முதல் பத்து நிமிடம் ஒன்றும் கேட்காதது போலிருக்கும். ஒலிபெருக்கிக்குப் பழகிய காது தன்னைச் சரிசெய்துகொள்ள அவ்வளவு நேரம் கொடுங்கள். வர்ணம் முடிவதற்குள் வலந்தலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது கண்ணை மூடினாலும் தெரியும்.